வளைவில் முனகிய எஞ்சின்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என் வேலைக்காலத்தில் நடந்தது எதையாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். வால்வு அரைப்பதையும் கிளச் மாற்றுவதையும் கையால் செய்தே படித்துக்கொள்வீர்கள். அதை நான் எழுதினால் எனக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றுவது ஒரு பழைய பிக்கப்பைப் பற்றி. அதை ஓட்டிய மனிதரைப் பற்றி. அதன் சத்தத்தை என்னைவிட நன்றாகக் கேட்ட இன்னொருவரைப் பற்றி. அந்த வேலையில் நான் விட்ட பிழைகள் இரண்டு. அவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு கராஜில் நான் தலைமை மெக்கானிக். ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் வந்து போவேன். யுத்த காலத்தில் புதிய உதிரிப்பாகம் எதுவும் வராமலே ஊரின் பஸ்களையும் லொறிகளையும் ஓட வைத்திருந்தோம். அதனால் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை என்ற நினைப்பு.

ஏறாவூரைச் சேர்ந்த ஆதம்பாவாக் காக்கா எங்கள் பழைய வாடிக்கைக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்போம். மீன் வியாபாரி. விடியற்காலையில் வாழைச்சேனையில் மீன் ஏற்றி, வெயில் ஏறும் முன் மட்டக்களப்புச் சந்தையில் இறக்கிவிடுவார். யுத்தத்துக்கு முன் வாங்கிய அமெரிக்கப் பிக்கப் அவருடையது. நாலு சிலிண்டர், மூன்று கியர். மீன் தண்ணீர் பட்டுப் பட்டு அதன் பின்தட்டு உக்கிப்போய், பலகை அடித்திருந்தார். வேகம் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது.

வாவியின் மேற்குக் கரையில் இருந்த வெள்ளைக்காரரின் விமானத் தளத்துக்கும் அவர்தான் மீன் கொடுத்து வந்தார். யுத்தம் முடிந்ததால் முகாமைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். போகும் முன் ஓடுபாதையில் ஒரு மோட்டார்ப் போட்டி வைக்க அதிகாரிகள் முடிவு செய்தார்கள். கார்களுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, லொறிகளுக்கும் பிக்கப்களுக்கும் ஒன்று. கடைசிப் போட்டியில் வெளியாட்களும் சேரலாம் என்றார்கள். அந்தச் செய்தியோடு ஒரு நாள் மத்தியானம் காக்கா கராஜுக்கு வந்தார். சந்தை வேலை முடிந்து, பிக்கப்பில் மீன் வாடை அடித்துக்கொண்டிருந்தது.

“பாஸ், இதக் கொஞ்சம் ஓட வைக்கணும்” என்றார்.

“ஓடித்தானே காக்கா வந்தீங்க?”

“இது ஓடுறல்ல. நடக்கிற.” பொனட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். “பத்து வருசமா குழியிலயும் மணலிலயும் இத நடத்திக்கிட்டு இரிக்கன். முதுகுல எப்பவும் மீனும் ஐசும். முழுசா விட்டா இது எவ்வளவு ஓடும் எண்டு எனக்கே தெரியா. ஒரு நாளைக்கு அதப் பாக்கணும் பாஸ். ஒரே ஒரு நாளைக்கு.”

கிண்ணம் வெல்வதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் சிரித்துக் கைகழுவியிருப்பேன். ஒரு மனிதன் தன் வண்டியை அறிய வேண்டும் என்று கேட்டபோது நான் ஒத்துக்கொண்டேன்.

அவர் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். போட்டி சனிக்கிழமை. “திங்கக்கிழம விடிய நான் வாழைச்சேனையில நிக்கணும். வீட்டுல எட்டுப் பேர் இரிக்காங்க. அதுக்குக் கேடு வரப்படா.”

முதலில் நான் சரியாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பிழைகளுக்கு வருகிறேன். போட்டிக்கு வருபவர்களுக்கு விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோலைத் தருவதாக முகாமில் சொல்லியிருந்தார்கள். அது உயர்ந்த ரகம். சிலிண்டர்களை மூடும் தலைத்தகட்டைக் கொஞ்சம் சீவிக் குறைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், அந்தப் பெட்ரோல் அதைத் தாங்கும், எஞ்சின் பாயும். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் திங்கட்கிழமை காக்கா ஊற்றப்போவது கடைப் பெட்ரோல். சீவிய தகட்டோடு அதை ஊற்றினால் ஒரு மாதத்தில் பிஸ்டன்கள் உடைந்துவிடும். அதனால் அவருடைய தகட்டை நான் சீவவில்லை. எங்கள் கராஜின் பின்னால் அதே கம்பனியின் கார் ஒன்று விபத்தில் நசுங்கிக் கிடந்தது. அதன் தகட்டைக் கழற்றி, அரிசி மில்லில் இருந்த கடைசல் இயந்திரத்தில் சீவி எடுத்தேன். காக்காவின் தகட்டை எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்தேன். ஒருவருடைய வண்டியில் கை வைக்கும்போது, வேலை முடிந்த மறுநாள் அவர் எங்கே போகவேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காரிலிருந்தே பின் அச்சின் பல்சக்கரங்களையும் எடுத்து மாற்றினேன். பிக்கப்பில் இருந்தவை சுமை இழுப்பதற்கானவை. காரில் இருந்தவை ஓடுவதற்கானவை. காபரேட்டரின் துளைகளைப் பெரிதாக்கினேன். பொறி பிடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்தள்ளினேன். இந்த வேலைகள் எல்லாம் நன்றாகவே வந்தன.

கியர்பொக்ஸில்தான் பிழை விட்டேன். அந்த வண்டியில் இரண்டாவது கியர் நிற்காது, துள்ளிக் கழன்றுவிடும். காக்கா வருடக்கணக்காக இடது முழங்காலால் தடிக்கு முட்டுக்கொடுத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தபோது பற்களின் முனை தேய்ந்து உருண்டிருந்தது. மாற்றவேண்டிய பல்சக்கரம். நசுங்கிய காரில் இருந்ததோ உடைந்துபோயிருந்தது. கொழும்பிலிருந்து வரவழைக்க நாள் இல்லை. தடியைப் பிடித்து நிறுத்தும் சுருள்கம்பிக்குப் பதிலாக வலுவான ஒன்றைப் போட்டேன். தெருவில் ஓட்டிப் பார்த்தேன், துள்ளவில்லை.

“இனித் துள்ளாது காக்கா. நான் பொறுப்பு” என்றேன். அதைச் சொல்லும்போதே என் மனதின் ஒரு மூலைக்கு அது சரியில்லை என்று தெரியும். ஆனால் வேலை அழகாக வந்துகொண்டிருந்த சந்தோசத்தில் அந்த மூலையை நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ஓடிப் பார்க்க விட்டார்கள். நான் காக்காவின் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஓடுபாதையில் ஏறியதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“என்ன காக்கா?”

“பாருங்க பாஸ்.”

முன்னால் ஒரு மைல் நீளத்துக்குக் குழியில்லாத தார். மாடு இல்லை, வண்டில் இல்லை, மனிதர் இல்லை. அதன் கடைசியில் வெயில் தண்ணீர் போல அசைந்துகொண்டிருந்தது. காக்கா இரண்டு செருப்பையும் கழற்றிக் கதவோரம் வைத்தார், பள்ளிவாசலுக்குள் போகிறவரைப் போல. பிறகு வெறுங்காலால் மிதித்தார்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. எத்தனையோ வருடங்களாக வண்டிகளைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒரு வண்டி தன் முழு மூச்சையும் எடுப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. முதலில் வழக்கமான கடகடப்பு. மூன்றாவது கியரில் போட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கடகடப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சுருதியாகிவிட்டது. பலகை அதிரவில்லை. கதவு ஆடவில்லை. ஓட்டை விழுந்த தட்டுக்குக் கீழே தார் ஒரு கறுப்புத் துணியை இழுப்பதுபோல ஓடியது. காக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். என் கண்ணில் தண்ணீர். காற்றினால் வந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடுபாதையின் கடைசியில், வாவிக்கரையை ஒட்டி, இடது பக்கமாகத் திரும்பும் ஒரு நீண்ட வளைவு. அதைச் சுற்றி முடித்து, பக்கத்துத் தெருவால் தொடங்கிய இடத்துக்கே வரவேண்டும். போட்டியில் அப்படிப் பத்துச் சுற்று. ஒரு சுற்று ஓடியபின் நான் இறங்கிக்கொண்டேன், காக்கா தனியாக ஓடினார். மூன்று சுற்று நன்றாகப் போயிற்று. நாலாவதில் நிறுத்தினார்.

“சத்தம் ஒண்டு வருது பாஸ். வளைவு முடியிற இடத்துல. முனகிற மாதிரி. நேராப் போனா இல்ல.”

நின்ற வண்டியில் எவ்வளவு முறுக்கியும் அந்தச் சத்தம் வரவில்லை. பொறி நேரத்தை அதிகம் முன்தள்ளிவிட்டேன் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தேன். மறுபடி ஓடினார். மறுபடியும் அதே முனகல். பெட்ரோலைப் பார்த்தேன், பிளக்குகளைப் பார்த்தேன். முகாமின் ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வளைவுக்குக் கீழே சிறிய இறங்குதுறை ஒன்று இருந்தது. அன்றைய ஓட்டத்தைப் பார்க்க நகரிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த மோட்டார் லாஞ்ச் படகு அங்கே கட்டியிருந்தது. அதை ஓட்டுபவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மெலிந்த ஆள், அதிகம் பேசாதவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி யாரும் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அவர் கரையேறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

“அண்ணன், அந்த வளைவு பதினொரு எண்ணிக்கை நீளம்” என்றார். “எட்டு மட்டும் எஞ்சின் நல்லாப் போகுது. எட்டுக்குப் பொறகுதான் முனகுது. ஒயில் வலப் பக்கம் ஏறிடுது போல.”

“லாஞ்சி எஞ்சின் வேற, லொறி எஞ்சின் வேற தம்பி” என்றேன். “நீங்க அதப் பாருங்க. இத நாங்க பாக்கிறம்.”

சுற்றி நின்ற இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் முகம் மாறவில்லை. “ஓம் அண்ணன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் விட்ட பிழைகளில் இரண்டாவது இது. கியர்பொக்ஸைவிட இதைத்தான் பெரிய பிழை என்பேன்.

பிக்கப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்து எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினேன். உங்களில் சிலர் அந்தக் கால எஞ்சினைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது போல ஒயிலைப் பம்ப் அழுத்தி எல்லா இடத்துக்கும் அனுப்பாது. அடித்தொட்டியில் ஒயில் தேங்கி நிற்கும். சுழலும் தண்டுகளின் நுனியில் சிறு அகப்பை போல ஒன்று இருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் ஒயிலை அள்ளித் தன் பெயரிங்குக்கு ஊட்டும். மூன்றாவது தண்டின் பெயரிங்கைத் திறந்தேன். அதன் வெள்ளை ஈயப்பூச்சு ஒரு பக்கம் உருகி வழிந்து, முடிபோல வெடித்திருந்தது. இன்னும் இரண்டு சுற்று ஓடியிருந்தால் தண்டு எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். திங்கட்கிழமை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் காக்கா வாழைச்சேனைக்குப் போயிருக்க முடியாது.

ஒயில் இல்லாமல் காய்ந்த பெயரிங் அது. தொட்டி நிறைய ஒயில் இருக்க, காய்ந்திருக்கிறது. நேர்த்தெருவில் அந்த வண்டி ஒருபோதும் பதினொரு எண்ணிக்கைக்கு ஒரே பக்கமாகத் திரும்பியதில்லை. வளைவின் வேகத்தில் ஒயில் எல்லாம் வலப்புறச் சுவரில் ஏறி நின்றுவிட, அகப்பைகள் வெறும் காற்றை அள்ளியிருக்கின்றன. இதை அவர் முந்நூறு அடி தள்ளி, தண்ணீரில் நின்றுகொண்டு, எண்ணிச் சொல்லியிருக்கிறார். நான் கையில் அந்தப் பெயரிங்கை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்துவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு வியப்பு இருந்தது. எங்கோ இடி இடித்தால் நிமிர்ந்து பார்ப்போமே, அதுபோல.

பொழுது சாயும் முன் நகரின் இறங்குதுறைக்குப் போனேன். அவர் லாஞ்சைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க சொன்னதுதான் சரி. மூண்டாவது பெயரிங் போயிட்டுது. நான் அப்பிடிக் கதைச்சிருக்கப்படா” என்றேன்.

அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “தண்டு உடையாமத் தப்பிச்சிதா?” என்று கேட்டார்.

“தப்பிச்சிது.”

“அப்ப விடிய வாறன்.”

வெள்ளிக்கிழமை காலை நான் கராஜைத் திறக்க வந்தபோது அவர் ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றார். அடித்தொட்டியைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“வாவியில காத்து எடுத்தா லாஞ்சி ஒரே பக்கமாச் சாஞ்சிக்கிட்டுப் போகும். மொதல்ல எனக்கும் ரெண்டு பெயரிங் போன” என்றார். “பொறகு எங்கட வட்டைய நெனச்சன். அவ்வளவு பெரிய வயல்வெளியில தண்ணி ஒரு பக்கமா ஓடாம என்னத்தால நிக்கிது? வரம்பாலதான். ஒயிலுக்கும் வரம்பு கட்டினா நிக்கும் அண்ணன்.”

பித்தளைத் தகட்டை வெட்டினோம். தொட்டிக்குள் நெடுக்கிலும் குறுக்கிலும் சிறு சுவர்களாக நிறுத்திப் பற்றவைத்தோம். ஒவ்வொரு சுவரின் அடியிலும் ஒயில் போய்வர ஒரு துளை வேண்டும். அது எவ்வளவு பெரிது என்பதில்தான் வேலை இருந்தது. நான் மிகச் சின்னத் துளை போதும் என்றேன். ஒயில் ஓடாமல் நிற்கவேண்டும் என்பது மட்டுமே என் யோசனை.

“ஓடினது திரும்பி வரவும் வேணுமே அண்ணன்” என்றார் அவர். “நேர்த்தெருவுல அது பழைய இடத்துக்கு வந்து சேராட்டி, அடுத்த வளைவுல அதே கத.”

ஒரு துளையைப் போட்டு, தொட்டியில் சூடான ஒயிலை ஊற்றி, பலகையில் வைத்துச் சாய்த்தார். எண்ணினார். நேராக்கினார். மறுபடி எண்ணினார். அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி ஊற்றினார். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகும் வரை இப்படியே போயிற்று. சாய்த்தால் பதினாலு எண்ணிக்கைக்கு ஒயில் தாக்குப்பிடிக்கவேண்டும், நேராக்கினால் ஒன்பதுக்குள் திரும்பி வந்துவிடவேண்டும். அந்த இரண்டு எண்ணும் ஒரே துளையில் கிடைத்தபோது அவர் சிரிக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. “இது” என்றார். மற்றத் துளைகளை அந்த அளவுக்கே போட்டோம்.

தொழுகை முடிந்து காக்காவும் அவரும் ஒன்றாக வந்தார்கள். பிறகு ஈயப்பூச்சு உருகிய தண்டுக்குப் பதிலாக, நசுங்கிய காரிலிருந்து எடுத்த தண்டை லாஞ்ச்காரர் அந்த இடத்தில் பொருத்தினார். பெயரிங்கைச் சுரண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். நான் அளவுகோலைக் கொண்டுபோனால் அவர் விரலால் ஏற்கெனவே அந்த அளவைச் சொல்லிவிடுவார். மூன்று தடவை சரிபார்த்தேன். நாலாவது தடவை அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அன்று பின்னேரம் எஞ்சினை முடுக்கியபோது நான் அதைக் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு போட்டி. எட்டு வண்டிகள். ஐந்து முகாமுடையவை, இரண்டு தோட்டத்துரைமாருடையவை, ஒன்று மீன் பிக்கப். தொடங்கும் முன் காக்காவிடம் ஒரு சிவப்புத் துணியைக் காட்டினேன்.

“இத நான் தூக்கினா என்ன ஏது எண்டு யோசிக்காம உள்ள வரணும்.”

“ஓம் பாஸ். நீங்க தூக்கினா வாறன்.”

லாஞ்ச்காரர் என் பக்கத்தில், வளைவின் வெளிக்கரையில் நின்றார். முதல் சுற்றில் காக்கா ஐந்தாவது. மூன்றாவது சுற்றில் மூன்றாவது. வளைவுக்குள் அவர் நுழையும்போதெல்லாம் என் பக்கத்தில் ஒரு மெல்லிய குரல் எண்ணியது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. முனகல் இல்லை. நாலாவது சுற்றில் முகாம் லொறி ஒன்று அதே வளைவில் பெரிய சத்தத்தோடு உடைந்து ஒதுங்கியது. ஆறாவதில் இன்னொன்று. காக்கா இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் போன துரையின் வண்டிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது. ஏறாவூரிலிருந்து வந்த கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டது.

நானும் எல்லோரையும் போல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்த வண்டி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், அதன் ஒவ்வொரு ஆணியையும் தெரியும். அதுதான் இது என்று நம்ப முடியவில்லை.

ஏழாவது சுற்றில் லாஞ்ச்காரர் என் கையைத் தொட்டார்.

“எஞ்சின் நல்லா இரிக்கி அண்ணன். ஆனா வளைவுக்குள்ள அது ஒரு கணம் இழுவை இல்லாமக் கத்துது. பொறகு பிடிக்குது. அந்த மனிசன் என்னமோ செய்யிறார்.”

எட்டாவது சுற்றில் நான் வண்டியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். காக்கா இடது பக்கமாகக் கோணி இருந்தார். முழங்காலைத் தடிக்குக் கொடுத்திருந்தார். இரண்டாவது கியர் துள்ளிக்கொண்டிருந்தது. வளைவில் உடம்பு வலப்புறம் எறியப்பட, அவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே முழங்காலால் தடியை அழுத்திக்கொண்டிருந்தார். பின்சக்கரம் வளைவின் விளிம்பில் புல்லைத் தொட்டு வந்தது. அதற்கு அப்பால் சரிவு. சரிவின் கீழே வாவி.

இன்னும் இரண்டு சுற்று. முன்னால் போகும் வண்டி ஐம்பது அடி தூரத்தில். அவர் வெல்வார் என்றே எனக்குப் பட்டது. இதை நான் மறைக்கவில்லை. அந்தத் துணி என் கையில் கல் போலக் கனத்தது. துணியைத் தூக்கினால் ஊர் என்னைத் திட்டும். தூக்காவிட்டால், ஒன்றும் நடக்காமலே போகவும் கூடும். நம் தொழிலில் ஆளைக் கெடுப்பது இந்தக் ‘கூடும்’தான். நான் பொறுப்பு என்று சொன்ன வேலையை அங்கே அவருடைய முழங்கால் செய்துகொண்டிருந்தது.

தூக்கினேன்.

அவர் பார்த்தார். ஒரு கணம் வேகம் குறையவில்லை. பிறகு வண்டி ஒதுங்கி, மெதுவாகி, எங்கள் முன்னால் வந்து நின்றது. மற்ற வண்டிகள் கடந்துபோயின. கூட்டம் சத்தம் போட்டது, பிறகு அடங்கிவிட்டது.

காக்கா இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. சாரத்தை விலக்கிப் பார்த்தால் முழங்கால் வீங்கி, தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது.

“நான் வெல்லுவன் எண்டு நெனச்சீங்களா பாஸ்?”

“நினைச்சன் காக்கா.”

“பொறகு என்னத்துக்குத் தூக்கின?”

“கியர் வேல நான் செஞ்சது பிழை. பல்லு தேஞ்சிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பொறுப்பு எண்டு சொன்னன். என்ட பிழைய நீங்க காலால தாங்கிக்கொண்டு ஓடினீங்க.”

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கையை நீட்டினார். நானும் லாஞ்ச்காரரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இறக்கினோம். புல்லில் இருத்தியபின் கேட்டார்:

“எவ்வளவு ஓடின?”

நேரம் எடுத்துக்கொண்டிருந்த முகாம் எழுத்தரிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்தேன். நேர்ப்பாதையில் மணிக்கு அறுபத்தெட்டு மைல்.

“அறுபத்தெட்டு” என்றார் காக்கா. பிக்கப்பின் பக்கம் திரும்பினார். “அறுபத்தெட்டு இதுக்குள்ள இரிந்திரிக்கி. பத்து வருசமா நான் அதுக்கு மேல குந்திக்கிட்டு இரிந்திரிக்கன்.” பிறகு யாரிடம் என்றில்லாமல், “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

கிண்ணத்தைத் துரை வாங்கிக்கொண்டிருந்தபோது முகாமின் வாகனப் பிரிவு சார்ஜன்ட் எங்களிடம் வந்தார். பெரிய உடம்புக்காரர். ஒயில் படிந்த கை. தன்னுடைய இரண்டு லொறிகளிலும் அந்த வளைவில் பெயரிங் போய்விட்டது, உங்களுடைய எஞ்சினும் அதே மாதிரிதானே, இது எப்படித் தாங்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த கராஜ் ஆங்கிலத்தில் அடித்தொட்டியைப் பற்றிச் சொன்னேன். வரம்புகளைப் பற்றி, துளைகளைப் பற்றி. அவர் கண் விரிந்தது.

“இதைச் செய்தது யார்? நீயா?”

அது என் வேலை என்று சொல்ல எனக்கு ஆசை வந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிடவேண்டும். லாஞ்ச்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஏற்கெனவே இறங்குதுறைக்குப் போய், திரும்பும் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று நான் சொன்னால் அந்தச் சார்ஜன்டுக்கு அது ஆமாம்தான்.

“அவர்” என்று கையைக் காட்டினேன். “எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. முதலில் சொன்னபோது நான் கேட்கவும் இல்லை.”

சார்ஜன்ட் சரிவில் இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன். லாஞ்சில் இருபது பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சினைப் பார்க்கலாமா என்று கையால் கேட்டார். லாஞ்ச்காரர் என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்லுறார் அண்ணன்?”

“உங்கட எஞ்சினப் பாக்கணுமாம்.”

“பாக்கலாம். ஆனா சனம் நிக்கிது, இப்ப நிப்பாட்ட ஏலா. ஏறினா அக்கரைக்குப் போற வழியில பாக்கலாம்.”

நான் அதைச் சொன்னதும் அந்தப் பெரிய மனிதர் மறுபேச்சில்லாமல் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் எஞ்சினின் பக்கத்தில் குந்தினார். லாஞ்ச் புறப்பட்டது. கரையில் நின்று பார்த்தேன். வாவியின் நடுவில் காற்று எடுத்தது, லாஞ்ச் சாய்ந்தது. சார்ஜன்ட் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தபடி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். லாஞ்ச்காரர் விரல்களை மடக்கி எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காக்காவின் தகட்டையும் பழைய பின் அச்சுச் சக்கரங்களையும் திரும்பப் பூட்டினேன். வரம்பு வைத்த தொட்டி அப்படியே இருந்தது. இரண்டாவது கியருக்குக் கொழும்பிலிருந்து புதிய பல்சக்கரம் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை அவர் முழங்காலில் துணி கட்டிக்கொண்டே வாழைச்சேனைக்குப் போய்வந்தார்.

அடுத்த வாரம் நான் இறங்குதுறைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் லாஞ்சில் உதவிக்கு வரலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு, எஞ்சின் துடைக்கிற துணி ஒன்றை என் பக்கமாக நீட்டினார். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, பதினாறு வருட மெக்கானிக். துணியை வாங்கிக்கொண்டு ஏறினேன்.